கச்சான் காற்றில் வார்னிஷ்

குசினி அலுமாரிகளின் பெயின்ட்டை நான் சுரண்டத் தொடங்கியது ஆனி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். "செவ்வாயில ஆராவது வேலை தொடங்குவாங்களா?" என்று என் கணவர் கேட்டார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் எங்கள் வயல் வட்டைக்குப் போவதற்காக மோட்டார் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வரைக்கும் பொறுத்தா நான் இந்தக் குசினிக்கு நெருப்பு வைச்சிருவன். அது நல்லமா?" என்றேன். அவர் கயிற்றை இறுக்கிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் என் வாய்க்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை மனிதர் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்துக்கு முன்பே மகளின் பேரில் வீட்டு உறுதிப்பத்திரம் எழுதி முடித்துவிட வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். எனக்கும் இந்த வீடு அப்படித்தான் வந்தது. என் அம்மா என்னைக் கட்டிக்கொடுத்த கையோடு தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு அவளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் போய்விட்டா. வாங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்தைந்து வயது, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன், அவ்வளவுதான்.

இப்போது என் ஒரே மகளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை களுதாவளைப் பெடியன், நல்ல குணம், ஒரு குறையும் சொல்ல முடியாது. மகள் கொழும்பில் வேலை செய்கிறாள், கலியாணத்தோடு ஊருக்கு மாற்றம் வாங்கிவிட்டாள். பின்வளவில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி முடிந்தாயிற்று. அந்தக் குசினியில் நான் நின்று திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் பெரிய குசினியை விட்டு வர மனமில்லை. அறைகள் போகட்டும், விறாந்தை போகட்டும், முன்கேற்றுச் சாவியைக்கூட அவளே வைத்துக்கொள்ளட்டும். குசினி மட்டும் என் கையில் இருக்க வேண்டும். மகள் வேலைக்குப் போவாள், நான் வழமைபோல வந்து சமைப்பேன், எல்லாம் அப்படியே நடக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு யாராவது இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தக் கணக்கில் முதல் கல் எறிந்தது மகள்தான். சுரண்டத் தொடங்குவதற்கு நாலு நாளைக்கு முன்னர் வட்ஸ்அப்பில் பத்துப் பன்னிரண்டு குசினிப் படங்கள் அனுப்பினாள். எல்லாம் வெள்ளை வெள்ளையாக, ஆஸ்பத்திரி மாதிரி. "அம்மா, அந்தப் பழைய அலுமாரியெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு இப்பிடி ஒரு பன்ட்ரி அடிப்பம்" என்று கீழே எழுதியிருந்தாள். அடுத்த நாளே அந்தப் பன்ட்ரி அலுமாரிகளுக்கு அளவு எடுக்கக் கடையிலிருந்து ஒருவன் வந்து நின்றான். கழுத்தில் அளவு நாடா, கையில் பெரிய போன். என்னிடம் கேட்காமலே என் அலுமாரிக் கதவுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"இதெல்லாம் பழைய மொடல் அன்ரி. கழட்டிக் கொண்டுபோறதுக்கு நாங்க காசு எடுக்க மாட்டம்."

"கையை எடுங்க தம்பி. கழட்டினா உங்கட கையத்தான் கழட்டுவன்" என்றேன்.

பாவம், பெடியன் பயந்துபோய்ச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். உடனே மகளுக்கு அழைப்பு எடுத்தேன். அவளும் என் மகள்தானே, விடுவாளா? அரை மணித்தியாலம் கத்தினோம். நான் முதிரை மரம், முதிரை மரம் என்கிறேன், அவள் பாசி பிடித்த சொக்லேட் பெட்டி என்கிறாள். கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"சரிம்மா. மாமாங்கத் தீர்த்தத்துக்கு நான் வருவன் தானே. அவங்கட வீட்டாக்களும் வருவாங்க. அதுக்குள்ள அத வடிவா ஆக்கிக் காட்டுங்க. இல்லாட்டி மறுகா நான் சொல்றதுதான்."

எங்கள் வீடு மாமாங்கக் கோயில் உள்ள அமிர்தகழிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு உறவெல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். ஐந்து கிழமைதான் இருந்தது. தபாற் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை இது, ஓய்வு பெற்ற பிறகு எதைக் குத்துவது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தது. கடைக்குப் போய் பெயின்ட் உருக்கிற மருந்து இரண்டு டின், சுரண்டி, கையுறை, சான்ட் பேப்பர் எல்லாவற்றையும் வாங்கி வந்தேன்.

அந்தப் பெயின்ட்டுக்கு முழுப் பொறுப்பும் நானேதான். ஒவ்வொரு சித்திரைக்கும் கேற்றுக்கோ யன்னலுக்கோ அடித்து மிஞ்சிய பெயின்ட்டை எறிய மனமில்லாமல் குசினி அலுமாரியில் பூசிவிடுவேன். மேலே சொக்லேட் நிறம். மருந்தைப் பூசிக் கால் மணித்தியாலம் விட்டால் அது பாலாடை மாதிரிச் சுருங்கி எழும்பும். சுரண்டினால் கீழே சாம்பல். அதற்குக் கீழே கிளிப்பச்சை. கிளிப்பச்சையைக் கண்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. எந்த விசர் பிடித்த வருடத்தில் இதை அடித்தேனோ தெரியாது. அதற்கும் கீழே ஒரு நீலம், மருந்துக்கும் அசையாத நீலம்.

மூன்றாம் நாள் பின்னேரம் முதல் கதவில் மரம் தெரிந்தது. உள்ளங்கையளவு இடம்தான். தேன் மஞ்சள், அதில் மெல்லிய ரேகைகள், யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினால் உள்ளே ஏதோ ஓடுவதுபோல ஒரு மினுக்கம். "ஐயோ, இதையா நான் மூடி வைச்சிருந்தன்!" என்று தனியாக நின்று கத்தினேன். அன்றிலிருந்து நான் நானாக இல்லை. சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். கணவருக்குக் கட்டிக்கொடுத்த கறியில் உப்பில்லை. ஒரு கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கதவுக்கு மருந்து பூச ஓடுவேன். நடுவில் எழும்பிப் பின்வளவுக்குப் போய் அந்தப் புது வீட்டுக் குசினியை எட்டிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, என்னவோ அது என் சொத்தைப் பறித்தது போல, கோபத்தோடு திரும்பி வந்து இன்னும் பலமாகச் சுரண்டுவேன். இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் இருக்கச் சொல்லும் உடம்பு. விரல் நுனியெல்லாம் மருந்து பட்டு எரிந்தது. கையுறை போட்டால் மரத்தின் மட்டம் தெரியவில்லை என்று கழற்றி வீசிவிட்டேன்.

ஒரு நாள் கணவர் வட்டையிலிருந்து வந்து சேற்றுக் காலோடு வாசலில் நின்றார்.

"கேக்கிறன் எண்டு கோவிக்காத. இது மகளுக்கா, உனக்கா?"

"என்ன கேள்வி இது? மகளுக்குத்தான்."

"மகள் வெள்ளையெல்லோ கேட்டவ."

சுரண்டியை வாளிக்குள் எறிந்தேன். தண்ணீர் அவர் சாரத்தில் தெறித்தது. "உங்களுக்கு வயல் இரிக்கி. விடிஞ்சா அங்க போயிருவீங்க. எனக்கு என்ன இரிக்கி?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே விளங்கியது. அவர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார்.

ஆடி பிறந்தது. பதினாலு கதவுகளும் ஆறு இழுப்பு லாச்சிகளும் சுத்தமாகிவிட்டன. ஒரு லாச்சியின் அடிப்பலகையைக் கறையான் தின்றிருந்தது. அதை மாற்ற ஏறாவூரிலிருந்து மரவேலை ஓடாவி ஒருவரைக் கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும், வாயில் எப்போதும் ஒரு பென்சில். கதவுகளைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான் தங்கச்சி, இப்ப காசு குடுத்தாலும் இப்பிடி முதிரை எடுக்கேலா" என்றார். எனக்குத் தலை கூரையில் முட்டியது. லாச்சியைச் சரிபண்ணிவிட்டுப் போகும்போது வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார்.

"வார்னிஷ நீங்களா அடிக்கப் போறீங்க? விடிய வெள்ளன அடிச்சி முடிச்சிருங்க. நிலத்துக்குத் தண்ணி தெளிச்சி, யன்னலச் சாத்திட்டு. கச்சான் எழும்பினாப் பிறகு டின் மூடியத் துறக்கவே கூடா."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கச்சான் காற்றைப் பற்றி ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து நெருப்பள்ளிக்கொண்டு வரும் காற்று. காலை ஒன்பது மணிக்கு மெல்ல அசையும், பத்துக்குப் பிறகு வாயைத் திறந்தால் பல்லில் மணல். துணி காயப்போட்டால் கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். அந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் கெடுத்தது. துணி காய்கிற வேகத்தில் வார்னிஷும் காயும்தானே என்று நினைத்தேன்.

தீர்த்தத்துக்கு ஆறு நாள் இருந்தது. கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. காலையில் ஐந்து கதவுகளை முடித்தேன், வடிவாக வந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மிச்சம் ஒன்பது கதவு கிடக்கிறதே, இரண்டு நாள் காத்திருக்க வேண்டுமே என்று மனம் பிறாண்டியது. குசினிக்குள் வார்னிஷ் மணத்தில் தலை சுற்றியது. ஒன்பது கதவுகளையும் முற்றத்துக்குத் தூக்கி வந்து, கதிரைகளிலும் வாங்கிலும் கிடத்தி, வெயிலில் நின்று அடித்தேன். முடித்ததும் வெற்றி பெற்றவள் மாதிரித் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அடித்த ஐந்தும் காற்றாடட்டும் என்று போகிற போக்கில் அவற்றையும் கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டுச் சோறு வடிக்க உள்ளே போனேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மத்தியானப் பூசைக்குச் சனம் போகத் தொடங்கியது. ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, வானிலும் ஓட்டோவிலும் நடையிலும். எங்கள் வீட்டு முன்னால் உள்ள கிறவல் பாதையில் ஆயிரம் கால்கள் கிளப்பிய புழுதியைக் கச்சான் அப்படியே அள்ளி வேலிக்கு மேலால் கொண்டுவந்து கொட்டியது. நான் வெளியே வரும்போது பதினாலு கதவுகளும், கிண்டி இறக்கிய சூடான தொதலில் மணல் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படிக் கிடந்தன. வேப்பஞ் சருகு, வைக்கோல் தும்பு, ஒரு கதவில் யாரோ தின்று எறிந்த கச்சான் கடலைக் கோது. விரலால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒட்டிவிட்டது. எல்லாம்.

"மாமாங்கத்தாரே, உங்கட சனத்துக்கு இந்த ரோட்ட விட்டா வேற பாதை இல்லையா!" என்று முற்றத்தில் நின்று கத்தினேன். தலையில் அர்ச்சனைத் தட்டோடு போன ஒரு மனுசி நின்று என்னைப் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு போனா. எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பா போலிருக்கிறது. பிறகு அப்படியே குந்தி இருந்து அழுதேன். கதவுகளுக்காக அழுதேன் என்றால் நான் பொய்க்காரி. ஆறு நாளில் அந்த வெள்ளைப் பெட்டிகள் வரும், அவற்றில் எந்தத் தட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அந்தக் குசினியில் இடமிருக்காது. அதற்குத்தான் அழுதேன்.

அடுத்த நாள் விடிய நான் எழும்பிப் பார்த்தால் கணவர் குசினி நிலத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சான்ட் பேப்பரோடு இருக்கிறார். வயலில் தண்ணீர் கட்ட வேண்டிய நாள். "வட்டைக்குப் போகல்லையா?" என்று கேட்டேன்.

"வட்டை எங்கயும் ஓடாது. உன்ர விரலெல்லாம் வெந்து கிடக்குது, நீ கொஞ்சம் இரி."

இருக்கவா எனக்குத் தெரியும்? நானும் பக்கத்தில் குந்தினேன். இரண்டு நாள் முழுக்க உரசினோம். ரேகை ஓடுகிற பக்கமாகத்தான் உரச வேண்டும் என்று நான் கத்த, அவர் குறுக்கே உரச, பழையபடி சண்டை. மூன்றாம் நாளிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழும்பி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, யன்னல்களைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வார்னிஷ் அடித்தோம். எட்டு மணிக்கு டின்னை மூடிவிட்டுக் குசினிக் கதவையும் பூட்டிச் சாவியை அவர் மடியில் செருகிக்கொண்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை!

கதவுகளைத் திரும்ப அலுமாரியில் பொருத்தும்போது இன்னொரு கூத்து. கழற்றும் அவசரத்தில் எந்தக் கதவு எந்தச் சட்டத்துக்கு என்று நான் குறித்து வைக்கவில்லை. கையால் செய்த அலுமாரியில் ஒரு கதவு மாதிரி இன்னொன்று இராது. தீர்த்தத்துக்கு முதல் நாள் முழுவதும் பதினாலு கதவுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். கடைசிக் கதவுப் பிணைச்சலுக்கு ஆணி இறுக்கும்போது பின்னேரம் ஐந்து மணி. மகள் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது ஆறு மணிக்கு.

பையைக்கூடக் கீழே வைக்காமல் குசினி வாசலில் நின்றாள். மேற்கு யன்னலால் வெயில் வந்து நேரே அலுமாரிகளில் விழுந்துகொண்டிருந்தது. நான் அடுப்படியில் நின்று வெங்காயத்தை அறுப்பது போலப் பாவனை செய்தேன். அமாவாசைக்கு முதல் நாள், நாளைய சமையலுக்கு அறுக்க எவ்வளவோ இருந்தது. ஒரு வெங்காயத்தையும் நான் ஒழுங்காக அறுக்கவில்லை.

மகள் கிட்டே வந்தாள். ஒரு கதவைத் திறந்தாள், மூடினாள். தடவினாள்.

"அம்மா... இது எங்கட பழைய அலுமாரியா?"

"பின்ன? களவெடுத்தா கொண்டந்தன்?"

"சோக்கா இரிக்கும்மா. சத்தியமாச் சொல்றன். இத ஒருத்தரும் கழட்டக் கூடா. எனக்கு இதேதான் வேணும்."

அடுத்த நாள் சம்பந்தி அம்மா தீர்த்தமாடி ஈரத் தலையோடு வந்து, "எங்க கா செய்விச்ச? கொழும்பிலயா?" என்று கேட்டா. நான் அலட்டிக்கொள்ளாமல், "வீட்டிலதான், சும்மா பொழுது போகாம" என்றேன். கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அன்று பகல் என் கால் நிலத்தில் படவில்லை. வென்றுவிட்டேன். அலுமாரி நிற்கிறது, அப்படியானால் நானும் நிற்கிறேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், என்னை என்ன செய்ய?

ஆவணியில் உறுதி எழுதினோம். ஒரே மூச்சில் கையெழுத்து வைத்தேன். கலியாணம் நன்றாக நடந்தது. நாலாம் நாள் நாங்கள் பின்வளவு வீட்டுக்கு மாறினோம். பாயும் தலையணையும், இரண்டு சட்டி, கணவரின் ரேடியோ. என் பாத்திரங்கள் எல்லாம் அங்கேயே இருக்கட்டும், அங்கேதானே சமைக்கப் போகிறேன் என்று விட்டுவிட்டு வந்தேன். ஒரு கிழமை புது மாப்பிள்ளை பெண்ணுக்கு ஊரெல்லாம் விருந்து. வீடு பெரும்பாலும் பூட்டியே கிடந்தது.

விருந்துகள் முடிந்த மறுநாள், பழக்கத்தில், வெள்ளென எழும்பி முற்றத்தைக் கடந்து போனேன். பின்கதவு திறந்திருந்தது. மகள் இன்னும் நித்திரை. மருமகன்தான் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றார். என்னைக் கண்டதும் அவசரமாக ஒரு கதிரையை இழுத்துத் துடைத்து வைத்தார்.

"வாங்க மாமி, இரிங்க. தேத்தண்ணி ஊத்துறன்."

"நீங்க விடுங்க தம்பி, நான் ஊத்துறன்" என்று சொல்லிக்கொண்டு வலது பக்கக் கீழ்க் கதவைத் திறந்தேன். கோப்பைகள் இருக்கும் தட்டு அது. அங்கே கோப்பைகள் இல்லை. அரிசி மா டப்பாக்களும், எனக்குத் தெரியாத ஒரு மெசினும் இருந்தன. அடுத்த கதவைத் திறந்தேன். அதிலும் இல்லை.

"கப்பெல்லாம் இப்ப மேல் தட்டில மாமி. நேத்து ரெண்டு பேரும் இரிந்து எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தின நாங்க." சிரித்த முகத்தோடு கையை நீட்டி ஒரு கோப்பையை எடுத்தார். கதவைச் சத்தம் வராமல், பார்த்துப் பதமாகச் சாத்தினார். "நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சது எண்டு அவ ஒரு கீறல் படவும் விடமாட்டா."

அவரில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், சண்டை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் குசினியில் நான் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான். அங்கே இருந்து பார்த்தால் அடுப்பு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

மருமகன் தேயிலையை வடித்தார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக என் பக்கம் திரும்பினார்.

"மாமி, உங்களுக்குச் சீனி எத்தின கரண்டி?"

அந்தக் குசினியில் யாருக்கு அரை, யாருக்கு இரண்டு, யாருக்குச் சீனியே கூடாது என்று எல்லோருக்கும் போட்டவள் நான். என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டரை, தம்பி" என்றேன்.